தோட்டத்தில் நீராவி ரயில்: தண்டவாளம் போடுவதிலிருந்து பாய்லரை ஆறவைப்பது வரை

இது 45 மி.மீ. தண்டவாளத்தில், பியூட்டேன் கேஸில் எரியும் சின்ன நீராவி எஞ்சினை ஓட்டப் போகிறவர்களுக்கான வழிகாட்டி. மின்சாரத்தில் ஓடும் மாதிரி ரயில் வேறு. இதில் பாய்லருக்குள் உண்மையாகவே தண்ணீர் கொதிக்கிறது, அந்த நீராவிதான் பிஸ்டனைத் தள்ளிச் சக்கரத்தைச் சுற்றுகிறது. இங்கிலாந்தில் வீட்டுத் தோட்டங்களில் இந்தப் பொழுதுபோக்கு பரவலாக நடக்கிறது. அதனால் இங்குள்ள வானிலை, இங்கு கிடைக்கும் பொருட்கள் இவற்றை வைத்தே எழுதுகிறேன்.

புதியவர்கள் தடுமாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால், கோளாறுகளில் பெரும்பகுதி வரிசை மாறுவதால்தான் வருகிறது. கேஸை நிரப்பிவிட்டு எண்ணெய் டப்பாவைத் தேடுவார்கள். தீ பற்றவைத்த பிறகு ரெகுலேட்டர் (நீராவியைச் சிலிண்டருக்கு விடும் வால்வு) திறந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். ஆகவே கீழே உள்ள படிகளைச் சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள். காரணத்தையும் கூடவே சொல்கிறேன். காரணம் தெரிந்தால் வரிசை தானாக நினைவில் நிற்கும்.

1. எந்த அளவு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

45 மி.மீ. என்பது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள தூரம் மட்டுமே. அதன்மேல் ஓடும் எஞ்சின் எந்த விகிதத்தில் செய்யப்பட்டது என்பது தனிக் கேள்வி. ஐரோப்பாவின் வழக்கமான பெரிய பாதை (ஸ்டாண்டர்ட் கேஜ்) ரயில்களை 1:32-இல் செய்கிறார்கள். மீட்டர் கேஜ் ரயில்களை 1:22.5-இல் செய்கிறார்கள், 1968-இல் வந்த எல்ஜிபி என்ற ஜெர்மன் தோட்ட ரயில் பிராண்டு இந்தக் கணக்கில்தான் தொடங்கியது. நீலகிரி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான், அதை மாதிரியாகச் செய்ய நினைப்பவருக்கும் இதே விகிதம்தான் சரிவரும். டார்ஜிலிங் போன்ற இரண்டடிப் பாதைகளுக்கு 1:19 விகிதமும் 32 மி.மீ. தண்டவாளமும் பொருந்தும். ஆனால் அந்த எஞ்சின்களில் பலவற்றை 45-க்கும் மாற்றிக்கொள்ளலாம்.

இதை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் வளைவு. சின்ன மலைப்பாதை எஞ்சின் இறுக்கமான வளைவிலும் திரும்பிவிடும். நீளமான பெரிய பாதை எஞ்சினுக்கு 3 மீட்டர் ஆரம் வேண்டியிருக்கும், அதாவது 6 மீட்டர் அகலத் தோட்டம். எஞ்சினை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, அது தன் தோட்டத்தில் திரும்பாது என்று பிறகு தெரிந்துகொள்பவர்கள் நிறைய.

2. வாங்கும் முன் ஓடுவதைப் பாருங்கள்

பிரிட்டனில் 45 மி.மீ. பாதைக்காரர்களின் கேஜ் ஒன் சங்கம் 1947-இலிருந்து இருக்கிறது. ஓர் அடிக்கு 16 மி.மீ. என்ற கணக்கில், அதாவது 1:19-இல், குறும்பாதை ரயில் செய்பவர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு. உறுப்பினர்கள் ஒருவர் தோட்டத்தில் மற்றவர்கள் கூடி ஓட்டுவார்கள். அங்கே ஒரு மதியம் நின்றாலே எந்த எஞ்சின் சொன்னபடி கேட்கிறது, எது முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

முதல் எஞ்சின் கேஸில் எரிவதாக இருக்கட்டும். ஸ்பிரிட்டில் எரியும் எஞ்சின்கள் அழகாக ஓடும், ஆனால் ஸ்பிரிட் சிந்தினால் தீ தண்டவாளத்துக்கு இறங்கும். அந்தத் தீ வெயிலில் கண்ணுக்கே தெரியாது. நிலக்கரி எஞ்சினுக்குப் புகைபோக்கியில் விசிறி வைத்து இழுக்க வேண்டும், மண்ணெண்ணெயில் ஊறிய மரக்கரியால் தொடங்க வேண்டும், ஓடும்போதும் கரி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் பிற்பாடு.

பழைய எஞ்சின் வாங்கினால் பாய்லர் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். பாய்லரைத் தண்ணீரால் முழுக்க நிரப்பி, குளிர்ந்த நிலையில், வேலைசெய்யும் அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்ப்பதுதான் அந்தச் சோதனை. புது பாய்லருக்கு இரு மடங்கு வரை ஏற்றுவார்கள். நீராவியையோ காற்றையோ விட்டுத் தண்ணீரால் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் சுருங்காது. அதனால் எங்காவது பிளந்தாலும் இரண்டு சொட்டுக் கசிவோடு அழுத்தம் விழுந்துவிடும், வெடிக்காது. இந்தச் சோதனையைக் காற்று பம்பை வைத்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

3. பாதை: மட்டம்தான் எல்லாம்

நேரம் முழுவதையும் இந்தப் படியில் செலவழித்தாலும் தப்பில்லை. மின்சார எஞ்சின் ஏற்றத்தில் கொஞ்சம் மெதுவாகும், இறக்கத்தில் கொஞ்சம் வேகமெடுக்கும், அவ்வளவுதான். நீராவி எஞ்சினின் ரெகுலேட்டரை நீங்கள் வைத்த இடத்திலேயே விட்டால், ஏற்றத்தில் நின்றுவிடும். இறக்கத்தில் பாய்ந்து வளைவில் குடைசாயும். பாதை சமமாக இருந்தால்தான் கையை எடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க முடியும்.

100 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. ஏற்றம், அதாவது நூற்றுக்கு ஒன்று. கையால் ஓட்டுபவருக்கு அதுவே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ கன்ட்ரோல் இருந்தால் அதைவிடச் சரிவானதையும் சமாளிக்கலாம். மீட்டர் நீள ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்துப் பாருங்கள், அப்புறம் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். குறுக்கு மட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளம் தாழ்ந்திருந்தால், மேலே பாய்லரும் தண்ணீருமாகக் கனம் தூக்கி நிற்கும் எஞ்சின் அந்தப் பக்கமே சாயும்.

பாதையை 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் போடுங்கள். முதுகு வலிக்காது என்பது ஒரு காரணம். பெரிய காரணம், தீ எரிகிறதா, தண்ணீர் எங்கே கசிகிறது என்பதைக் கண்ணுக்கு நேரே பார்க்க முடியும், முகத்தை எஞ்சினுக்குமேல் கவிழ்க்க வேண்டியதில்லை. கான்கிரீட் பிளாக்குகளில் தூண் எழுப்பி, மேலே பதப்படுத்திய மரமோ மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகையோ வைத்து, அதன்மேல் மணல் ஒட்டிய கூரை ஃபெல்ட் விரிப்பது இங்கே வழக்கம். தரையோடு போட்ட பாதை பார்க்க அழகுதான், ஆனால் குளிர்கால உறைபனியில் மண் எழும்பி ஒவ்வொரு வசந்தத்திலும் மட்டம் மாறியிருக்கும்.

வளைவு ஆரம் சின்ன எஞ்சின்களுக்கும் 1.2 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். பெட்டியில் வரும் எல்ஜிபி தொடக்க வளைவு 60 செ.மீ. ஆரம், அதில் பெரும்பாலான நீராவி எஞ்சின்கள் திரும்பாது, திரும்பினாலும் முனகிக்கொண்டே திரும்பும். வலமும் இடமுமாக அடுத்தடுத்து வளைவு வந்தால், நடுவில் எஞ்சின் நீளத்துக்காவது நேர்த்தண்டவாளம் வையுங்கள். இல்லாவிட்டால் பெட்டிகளின் பஃபர்கள் மாட்டிக்கொள்ளும்.

வெயிலுக்குத் தண்டவாளம் நீளும். பித்தளையில் 10 மீட்டர் பாதை, 30 டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 6 மி.மீ. நீள்கிறது. குளிர்நாளில் போடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய இடைவெளி விடுங்கள். கோடையில் போட்டால் கிட்டத்தட்ட ஒட்டியே வைக்கலாம். ஸ்லீப்பரை இறுக்கித் திருகாதீர்கள், திருகைச் சற்றுத் தளர்வாகவே விடுங்கள். தண்டவாளம் நகர வேண்டும். நகர இடமில்லாவிட்டால் ஜூலை மாதத்தில் பாம்புபோல் நெளிந்து நிற்கும்.

இதில் ஒரு நிம்மதி, மின்சாரம் தேவையில்லை. தண்டவாளத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டியதில்லை. ஆனால் குச்சி, இலை, ஜல்லி, முக்கியமாக நத்தை இருக்கக் கூடாது. நத்தையின் கோழை பட்ட இடத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஓட்டும் முன் ஒரு துடைப்பமும் ஈரத்துணியும் போதும்.

4. கையில் இருக்க வேண்டியவை

தீ பற்றவைத்த பிறகு எதையும் தேடப் போகக் கூடாது. எஞ்சினை விட்டு நகர முடியாத வேலை இது. எனவே ஒரு தட்டில் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

தோல் கையுறை, நீள மூக்கு லைட்டர், ரப்பர் குழாய் மாட்டிய 50 மி.லி. சிரிஞ்சு இரண்டு. ஒன்று தண்ணீருக்கு, ஒன்று எண்ணெய்க்கு. இரண்டையும் கலக்க வேண்டாம். பழைய துணிகள் தாராளமாக. ஒரு வாளித் தண்ணீர். தீயணைப்பானும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எண்ணெயில் இரண்டு வகை வேண்டும். சிலிண்டருக்குள் போவது நீராவி எண்ணெய். கடையில் 460 தரம் என்று கேளுங்கள். தேன்போல் கெட்டியாக இருக்கும். இதற்குப் பதில் கார் எஞ்சின் எண்ணெயை ஊற்றுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கார் எண்ணெயை ஈர நீராவி கழுவிக்கொண்டு போய்விடும், பிஸ்டன் வறண்டு தேயும். நீராவி எண்ணெயில் கொழுப்பு சேர்த்திருப்பதால் ஈரத்திலும் உலோகத்தில் ஒட்டி நிற்கும். வெளியே தெரியும் கம்பிகள், அச்சுகள் இவற்றுக்கு மெல்லிய மெஷின் எண்ணெய்.

தண்ணீர்: லண்டனும் தென்கிழக்கு இங்கிலாந்தும் சுண்ணாம்புத் தண்ணீர் நாடு. கெட்டிலில் படியும் வெள்ளை பாய்லருக்குள்ளும் படியும், ஆனால் அதைச் சுரண்டி எடுக்க வழியில்லை. காய்ச்சி வடித்த தண்ணீர், அல்லது சுத்தமாகப் பிடித்து வடிகட்டிய மழைத்தண்ணீர் பயன்படுத்துங்கள். எஞ்சினோடு வரும் கையேடு வேறு ஏதாவது சொன்னால் அதைக் கேளுங்கள்.

கேஸ்: தூய பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42-இலும் ஆவியாகும். அதனால் குளிர்காலத்தில் பியூட்டேன் 70, புரோப்பேன் 30 என்ற கலவைக் குப்பியை இங்கே பயன்படுத்துகிறோம். கோடைக்குத் தூய பியூட்டேன் போதும். தமிழ்நாட்டு வெயிலில் ஓட்டுபவருக்குக் கலவை தேவையே இல்லை, அழுத்தம் வீணாக ஏறும். முழுப் புரோப்பேனை எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும் ஊற்றாதீர்கள். எஞ்சினின் சின்ன கேஸ் தொட்டி அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

5. குளிர்ந்த எஞ்சினோடு ஒரு சுற்று

எஞ்சினைப் பாதையில் வைத்துக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று தள்ளுங்கள். எங்கே தடுக்கிறது, எந்தச் செடி உரசுகிறது, எந்த இணைப்பில் தூக்கிப் போடுகிறது என்பதெல்லாம் இப்போதே தெரியும். சூடான எஞ்சினை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பெட்டிகளின் சக்கரங்களையும் அளந்து பாருங்கள். ஒரே அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கு இடையே 40 மி.மீ.-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பாதை பிரியும் பாயிண்டில் மட்டும் தடம் புரளும் பெட்டிக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ரேடியோ கன்ட்ரோல் உள்ள எஞ்சின் என்றால் பாட்டரி, தூரம், ரெகுலேட்டர் முழுவதுமாக மூடுகிறதா என்ற மூன்றையும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள்.

சேஃப்டி வால்வைக் கையால் மெல்லத் தூக்கி விட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் துள்ளித் திரும்ப உட்கார வேண்டும். போன முறை ஓடியதில் காய்ந்த எண்ணெய் அதைப் பிடித்துவைத்திருக்கலாம்.

6. எண்ணெய், தண்ணீர், கேஸ்: இந்த வரிசையில்தான்

எண்ணெய் முதலில். லூப்ரிகேட்டர் என்பது நீராவிக் குழாயோடு ஒட்டியிருக்கும் சின்ன உருளை. வேலைசெய்யும் விதம் எளிது. நீராவி கொஞ்சம் உள்ளே புகுந்து, குளிர்ந்து தண்ணீராகி, கனமாக இருப்பதால் அடியில் தங்கும். அந்த அளவுக்கு மேலே மிதக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறி சிலிண்டருக்குப் போகும். ஆகவே ஓட்டம் முடியும்போது அதில் பெரும்பாலும் தண்ணீர்தான் இருக்கும். அந்தத் தண்ணீரை எடுக்காமல் மேலே எண்ணெய் ஊற்றினால் நாலு சொட்டுதான் இறங்கும், பார்வைக்கு நிறைந்திருக்கும். புதியவர்கள் எஞ்சின் வறண்டு கிறீச்சிடுவதற்கு இதுவே காரணம். முதலில் அடித் திருகைத் திறந்தோ சிரிஞ்சால் உறிஞ்சியோ தண்ணீரை வெளியேற்றுங்கள், அப்புறம் எண்ணெயை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். எண்ணெய் கெட்டி என்பதால் இறங்க நேரம் எடுக்கும், காத்திருங்கள். வெளிக் கம்பிகளின் ஒவ்வொரு மூட்டுக்கும் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. ஒரு சொட்டுக்கு மேல் வைத்தால் அது தண்டவாளத்தில்தான் விழும்.

அடுத்தது தண்ணீர். பாய்லரை முழுக்க நிரப்புங்கள், பிறகு சிரிஞ்சால் 30 மி.லி. அளவு திரும்ப எடுத்துவிடுங்கள். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அது. நிரப்பியதை ஏன் எடுக்க வேண்டும்? இரண்டு காரணம். நீராவி சேர மேலே இடம் வேண்டும். தவிர, தண்ணீர் சூடாகும்போது பெருக்கும்: 250 மி.லி. தண்ணீர் வேலைசெய்யும் சூட்டுக்கு வரும்போது ஏறக்குறைய 20 மி.லி. கூடுகிறது. இடம் விடாத பாய்லர் நீராவிக்குப் பதில் கொதிநீரையே சிலிண்டருக்கு அனுப்பும், புகைபோக்கி எண்ணெயும் தண்ணீருமாகத் துப்பும்.

கேஸ் கடைசியில். இதற்கான காரணத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் கேஸ் தொட்டியின் அளவு, பாய்லர் தண்ணீர் தீரும் முன்பே கேஸ் தீரும்படி வைக்கப்பட்டிருக்கிறது. பாய்லர் வறண்டு போகாமல் காப்பது அந்தக் கணக்குதான். தண்ணீர் நிறைந்த பிறகே கேஸ் என்று பழகிவிட்டால் அந்தக் கணக்கு எப்போதும் உங்கள் பக்கம் நிற்கும்.

கேஸ் வால்வும் ரெகுலேட்டரும் மூடியிருப்பதை உறுதி செய்துகொண்டு, குப்பியைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பும் வால்வில் நேராக அழுத்துங்கள். தலைகீழாக இருந்தால்தான் திரவம் இறங்கும், நிமிர்த்திப் பிடித்தால் வெறும் ஆவிதான் போகும். நிறைந்ததும் வால்வைச் சுற்றித் திரவம் சீறித் தெறிக்கும், உடனே எடுத்துவிடுங்கள். தொட்டி சூடாக இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது, ஏனென்றால் உள்ளே அழுத்தம் குப்பியின் அழுத்தத்துக்குச் சமமாகிவிடும். ஈரத்துணியைப் போர்த்தித் தொட்டியை ஆறவிடுங்கள்.

இதைத் திறந்தவெளியில், எரியும் எஞ்சின்களிலிருந்து விலகி நின்று செய்யுங்கள். பியூட்டேன் காற்றைவிட இரு மடங்கு கனம், கலைந்து போகாமல் தாழ்வான இடத்தில் தேங்கும். நிரப்பியதும் எஞ்சினைச் சில அடி தள்ளி வைத்து, ஒரு நிமிடம் பொறுத்துத்தான் லைட்டரைக் கையில் எடுக்க வேண்டும். ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

7. பற்றவைப்பது

ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். லைட்டரை எரியவிட்டுப் புகைபோக்கி வாயில் பிடியுங்கள். அப்புறம் கேஸ் வால்வை இம்மியளவு திறங்கள். நெருப்பு 'பொப்' என்ற சத்தத்தோடு புகைபோக்கியிலிருந்து உள்ளே இறங்கி பர்னரில் போய் உட்காரும். லைட்டர் முதலில், கேஸ் அதன் பிறகு. மாற்றிச் செய்தால் உள்ளே கேஸ் சேர்ந்து, புருவத்தைப் பொசுக்கும் அளவுக்கு வெடித்துப் பற்றும்.

காதைக் கொடுங்கள். சரியாக எரிந்தால் மெல்லிய உறுமல் கேட்கும். ஊளையிட்டால் கேஸ் அதிகம், குறையுங்கள். சத்தமே மாறி, எஞ்சினின் முன்பக்கம் மட்டும் சூடேறினால் நெருப்பு பர்னருக்குப் போகாமல், புகைபோக்கிக்கு அடியிலுள்ள புகைப்பெட்டியிலேயே எரிகிறது. அப்படியே விட்டால் முன்பக்கப் பெயிண்ட் கொப்பளிக்கும். கேஸை முழுக்க மூடி, சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்குங்கள். குளிரான முதல் நிமிடத்தில் வால்வை ஒரேயடியாகத் திறப்பவர்களுக்குத்தான் இது நடக்கிறது. தொட்டியிலிருந்து திரவமே தெறித்து வந்து பர்னரை மூச்சுமுட்ட வைக்கும்.

8. பிரஷர் ஏறும் வரை

ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஆகும். இந்த நேரத்தில் எஞ்சினைவிட்டுப் போகாதீர்கள். சின்ன எஞ்சின்கள் பலவற்றின் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு, அதாவது சுமார் 2.75 பார். அந்த அழுத்தத்தில் உள்ளே இருப்பது 140 டிகிரித் தண்ணீர். மூடியைத் திறந்து பார்ப்பது, திருகை இறுக்குவது எல்லாம் இனி கிடையாது.

சேஃப்டி வால்வு ஒருமுறையாவது தானாகத் திறக்கும்வரை பொறுங்கள். பிரஷர் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்பதற்கும் வால்வு வேலைசெய்கிறதா என்பதற்கும் அதுவே சாட்சி. மீட்டர் அழுத்தத்தைத் தாண்டிக் காட்டியும் வால்வு திறக்காவிட்டால் கேஸை மூடிவிட்டு விலகி நில்லுங்கள். அன்றைக்கு ஓட்டம் இல்லை.

9. முதல் நகர்வு

ரெகுலேட்டரைத் திறந்ததும் எஞ்சின் ஓடிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலிண்டர் குளிர்ந்து கிடக்கிறது. முதலில் வரும் நீராவி அதில் பட்டதும் தண்ணீராகிவிடும். தண்ணீர் சுருங்காது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதே குணம் இங்கே பகை. பிஸ்டன் நகர முடியாமல் முட்டி நிற்கும். அப்போது பலமாகத் தள்ளினால் கம்பி வளையும்.

புகைபோக்கிமேல் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். திசை லீவரை முன்னோக்கி வைத்து, ரெகுலேட்டரைச் சிறிது திறந்து, எஞ்சினை ஒரு சாண் தூரம் மெல்ல முன்னே தள்ளுங்கள். லீவரை மாற்றிப் பின்னே தள்ளுங்கள். அழுக்குத் தண்ணீர் துப்பும். நாலைந்து முறை இப்படிச் செய்ததும் துப்பல் குறைந்து, கையில் ஒரு இழுப்பு தெரியும். எஞ்சின் தானே போகப் பார்க்கிறது என்று அர்த்தம். முகத்தைப் புகைபோக்கிக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

10. ஓட்டம்

முதல் ஓட்டத்துக்கே நாலைந்து பெட்டிகளை மாட்டுங்கள். "எஞ்சின் தனியா ஓடட்டும், பழகினப்புறம் பெட்டி மாட்டலாம்" என்று எல்லாருமே நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பாரமில்லாத எஞ்சின் ரெகுலேட்டரின் சிறு அசைவுக்கும் பாய்ந்து ஓடும். பின்னால் பாரம் இருந்தால் வேகம் அடங்கும், இயக்கமும் சீராகும்.

நீராவி எஞ்சின் தாமதமாகத்தான் பதில் சொல்லும். ரெகுலேட்டரைக் கொஞ்சம் திறந்துவிட்டு, பாதி வட்டம் ஓடவிட்டுப் பார்த்து, பிறகு அடுத்த திருகு. உடனே வேகம் வரவில்லையே என்று திறந்துகொண்டே போனால், சிலிண்டர் சூடேறிய கணத்தில் எல்லாம் சேர்ந்து வரும். முதல் இரண்டு சுற்று திக்கித் திணறும், அது இயல்பு.

ஓடத் தொடங்கியதும் கேஸைக் குறையுங்கள். சேஃப்டி வால்வு இடைவிடாமல் சீறினால் தண்ணீரும் கேஸும் வீண். மீட்டர் 2 பாரை ஒட்டி நிற்கும்படி வைத்தால் ஓட்டம் நீளும். சராசரியாக ஒரு நிரப்பலுக்கு 20, 30 நிமிடம் கிடைக்கும். வெண்ணிற ஆவி அடர்த்தியாக வர வேண்டும் என்றால் குளிரும் ஈரமுமான நாளைத் தேர்ந்தெடுங்கள். கோடை வெயிலில் எஞ்சின் நன்றாகவே ஓடும், ஆனால் ஆவி கண்ணில் படாது. இங்கே பலர் புத்தாண்டுக் குளிரில் கூடி ஓட்டுவதன் ரகசியம் அதுதான்.

புகைபோக்கி விளிம்பில் எண்ணெய்ப் பசை படிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். படிந்தால் லூப்ரிகேட்டர் வேலைசெய்கிறது.

எஞ்சின் கைமீறி ஓடினால் பாய்லரைப் பிடிக்கப் பாயாதீர்கள். கடைசிப் பெட்டியைப் பிடித்து இழுத்து நிறுத்துங்கள், அப்புறம் கையுறையோடு ரெகுலேட்டரை மூடுங்கள்.

11. நிறுத்துவதும் மறுபடி நிரப்புவதும்

கேஸ் தீர்ந்து தீ அணைந்ததும் மிச்ச நீராவியில் ஒன்றிரண்டு சுற்று ஓடவிடுங்கள். நின்ற பிறகு ரெகுலேட்டரைத் திறந்து அழுத்தம் முழுக்க இறங்கியதை உறுதி செய்யுங்கள். மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்பதை மட்டும் நம்பி மூடியைத் திறக்காதீர்கள், சின்ன மீட்டர்கள் கடைசிக் கொஞ்சத்தைக் காட்டாது. ரெகுலேட்டர் வழியாக ஒன்றும் வரவில்லை என்ற பிறகுதான், கையுறையோடு, நிரப்பும் மூடியைக் கால் திருகு திருகிப் பொறுத்துப் பொறுத்துத் திறக்க வேண்டும்.

அந்த மூடியைத் திறப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறும் பாய்லருக்குள் நீராவி தண்ணீராகி வெற்றிடம் உண்டாகும். ரெகுலேட்டர் திறந்தபடி அப்படியே விட்டால், லூப்ரிகேட்டரிலிருக்கும் எண்ணெயைப் பாய்லர் உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் கலந்த பாய்லர் நுரைத்துத் துப்பும்.

அடுத்த ஓட்டத்துக்கு 6-ஆம் படியிலிருந்து முழுவதும் மறுபடி. கேஸ் மட்டும் நிரப்பி இன்னொரு சுற்று ஓட்டலாம் என்ற ஆசைதான் பாய்லரை வறளவைக்கும். கொதிக்கும் வெற்றுப் பாய்லரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அது உடனே ஆவியாகி நிரப்பும் வாய் வழியாகக் கையில் பாயும். பத்து நிமிடமாவது ஆறவிடுங்கள். ஓட்டத்தின் நடுவிலேயே தண்ணீர் ஏற்ற, அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளும் பம்புப் புட்டியும் ஒருவழி வால்வும் கிடைக்கின்றன. பழகிய பிறகு வாங்கலாம்.

12. அடிக்கடி வரும் கோளாறுகள்

தீ அடிக்கடி அணைகிறது என்றால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள், அடுத்து பர்னர் ஜெட்டை. ஜெட்டின் துளை தலைமுடி அளவுதான். ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி ஜெட் வீணாகும். கழற்றி, குப்பியிலிருந்து கேஸைப் பின்பக்கமாகச் செலுத்தினால் தூசி வெளியேறிவிடும்.

தீ நன்றாக எரிகிறது, ஆனால் அழுத்தம் விழுந்துகொண்டே போகிறது என்றால் உடனே கேஸை மூடுங்கள். தண்ணீர் தீர்ந்திருக்கலாம். பாய்லரின் வெள்ளிப் பற்றவைப்பு 600 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும், அதற்கு வெகு முன்பே பெயிண்டும் வாஷர்களும் போய்விடும். தண்ணீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருந்தாலும் முழுதாக நம்பாதீர்கள். அவ்வளவு மெல்லிய குழாயில் குமிழி மாட்டிக்கொண்டு, இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டும்.

சக்கரம் ஒரே இடத்தில் வழுக்கினால் தண்டவாளத்தில் எண்ணெய் படிந்திருக்கிறது. துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், ஆனால் எரியும் எஞ்சின் எதுவும் பாதையில் இல்லாதபோது. ஒரே வளைவில் திரும்பத் திரும்பத் தடம் புரண்டால் எஞ்சினைக் குறை சொல்லும் முன் ரசமட்டத்தை எடுங்கள்.

13. எடுத்து வைப்பது

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். ஆறிய எண்ணெய் அழுக்கோடு சேர்ந்து பிசினாகிவிடும். லூப்ரிகேட்டரின் தண்ணீரை இப்போதே வெளியேற்றினால் அடுத்த முறை மறக்காது. கேஸ் தொட்டியில் மிச்சமிருந்தால் வெளியில் வைத்து வால்வைத் திறந்து தீர்த்துவிடுங்கள். வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ கேஸோடு கொண்டுபோக வேண்டாம்.

நவம்பருக்குப் பிறகு எஞ்சினை ஷெட்டில் வைப்பதாக இருந்தால் பாய்லரைச் சிரிஞ்சால் கடைசிச் சொட்டுவரை காலி செய்யுங்கள், தண்ணீர் ஏற்றும் குழாயும் மீட்டருக்குப் போகும் வளைந்த குழாயும் சேர்த்து. அந்த வளைவில் தேங்கும் கொஞ்சத் தண்ணீர் உறைந்தால் போதும், வசந்தத்தில் புது மீட்டர் வாங்க வேண்டியிருக்கும்.